குறுவைப் பிள்ளை

அன்புள்ள குறுவைக்கு,

அப்பா நலம், உன் தங்கை தேவைக்கு மேலேயே நலம், நானும் நலம், என் வலது மணிக்கட்டைத் தவிர. அது மாவுக்கட்டுக்குள் இருக்கிறது, சிறிய விரிசல்தான், ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் பதறிப்போய் ஃபோன் போடாதே, முழுசாகப் படி. நீயும் நலமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன், பதிலே இல்லை. கையெழுத்தைப் பார்த்ததும் புரிந்திருக்கும், நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், கோழிக்கிறுக்கலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள். (அண்ணா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு, அம்மா கண்ணாடியைத் தேடும் நேரத்தில் எழுதுவது. கோழிக்கிறுக்கல் என்பதால்தான் கணக்குப் பரீட்சையில் முட்டை விழுந்தது போல.)

கை எப்படி உடைந்தது என்று கேட்பாய். அதற்கு எங்கள் அகராதி அலுவலகத்தில் நடந்த கூத்தை முதலில் சொல்ல வேண்டும். புதிய பதிப்பைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சிறிதாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எங்கள் தலைமை ஆசிரியர் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, செத்துப்போன சொற்கள் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறார். உன் தங்கை அவருக்கு ‘கத்தரி’ என்று பெயர் வைத்திருக்கிறாள். (வேலையும் கத்தரி, சட்டையும் கத்தரிப்பூ நிறம். நான் என்ன செய்ய?) அவர் விதி இதுதான்: இருபது வருஷத்துக்குள் அலுவலகத்துக்கு வெளியே யாராவது ஒருவர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்தச் சொல்லைத் தானாகச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது எழுதியிருக்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும், அது இல்லையென்றால் வெட்டு. இதற்காகப் பேப்பரில் விளம்பரம் போட்டு, தெரிந்தவர்கள் தபால் அட்டையில் எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தோம். போன மாதப் பட்டியலில் குறுவை வந்து நின்றது. நெல்லுக்குச் சொல்கிற முதல் பொருள் இருக்கட்டும், அது வயலில் உயிரோடு இருக்கிறது, இரண்டாவது பொருளை மட்டும் எடுத்துவிடலாம் என்றார் கத்தரி. காயோ கனியோ எதுவானாலும் முந்தி விளைந்தால் குறுவை என்பதுதான் எங்கள் சொற்சீட்டுப் பெட்டியில் இருக்கிற அந்த இரண்டாவது பொருள். “இப்ப யாரும்மா அப்படிச் சொல்றாங்க?” என்று வேறு கேட்டார்.

குறு என்றால் குறுகியது, அது உனக்கே தெரியும், குறுநகை, குறுமணல், குறுவாள் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். குறுகிய நாளில் விளைந்துவிடுவது குறுவை. எங்கள் பெட்டியில் பழுப்பேறிய சீட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று யாரோ ஒரு தோட்டக்காரரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்தது, ‘குறுவைக் கத்தரி மற்றதை முந்திக்கொண்டு பூத்துவிட்டது’ என்று. இன்னொன்று ஒருவர் தன் சம்பந்திக்கு எழுதிய கடிதத்திலிருந்து, ‘குறுவைப் பலா ஒன்று கொடுத்தனுப்பியுள்ளேன், பருவத்துப் பழத்துக்கு இளைத்ததல்ல’ என்று. இதைக் கவனி. வெம்பியது என்றால் வெயிலில் வாடிச் சுருங்கியது. புகை போட்டுப் பழுக்க வைத்தது வியாபாரி அவசரம். பிஞ்சில் பழுத்தது கோணல். குறுவை இது எதுவுமே இல்லை, அதன் நாளே அவ்வளவுதான், அதற்குள் அது முழுசு. இந்த அர்த்தத்துக்கு நம்மிடம் வேறு நல்ல சொல் ஒன்று இருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன். (பிஞ்சில் பழுத்தது என்று சொல்லும்போது அம்மா என்னைப் பார்த்தார். பதிவு செய்கிறேன்.)

குறுவைக்கு முடிவு சொல்கிற கடைசி வெள்ளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரே தபாலில் மூன்று அட்டை வந்தன. தையல்காரர் ஒருவர், ‘சொன்ன தேதிக்கு முன்னாலேயே குறுவையாகத் தைத்துக் கொடுத்தேன்’ என்று எழுதியிருந்தார். முடிதிருத்துபவர் ஒருவர், ‘வாடிக்கையாளருக்கு இருபது வயதில் குறுவை நரை’ என்று. மூன்றாவது ஒரு தள்ளுவண்டிக்காரர், ‘குறுவைத் தக்காளி கொண்டுவந்தேன்’ என்று. எனக்குத் தரையில் கால் பாவவில்லை, அப்படியே மேல் வரிசைப் பெட்டியில் கோத்து வைத்துவிட்டு வந்தேன், அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அவர் காது புளித்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் மண்டையில் உறைத்தது. மூன்று அட்டையிலும் குறுவை என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக்கோடு. உலகத்தில் எந்தத் தையல்காரர் தலைச்சொல்லுக்கு இரட்டைச் சிவப்புக்கோடு போடுவார்? அது எங்கள் அலுவலகத்துப் பழக்கம். அங்கே போட்டுப் போட்டு, வீட்டில் மளிகைச் சீட்டில் பருப்புக்குக் கீழேகூட நான் போடுகிற கோடு. (மூன்று விதமான கையெழுத்து, மூன்று விதமான மை, ஒரு அட்டையில் எண்ணெய்க் கறைகூட வைத்தேன் அண்ணா. கோடு போட்ட இடத்தில்தான் கோட்டை விட்டேன்.)

கத்தரி கண்ணில் படுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், ஏணியைத் தேடாமல் முக்காலி மேல் முக்காலி போட்டு ஏறினேன், மீதிதான் மாவுக்கட்டு. விழுந்து கிடந்தபடியே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, அட்டைகளை வாங்கிப் பார்த்து, “எண்ணெய்க் கறை நல்லாவே வந்திருக்கு” என்றார், அவ்வளவுதான், ஆனால் சொல் வெட்டுப் பட்டியலிலேயே நின்றது. உன் தங்கைக்கு இரண்டு தண்டனை கொடுத்தேன். கட்டுப் பிரிக்கும்வரை என் கடிதமெல்லாம் அவள் எழுத வேண்டும், அட்டையில் யார் யார் பெயரைப் போட்டாளோ அந்த மூன்று பேரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனாள். தையல்காரர், “நான் சொன்ன தேதிக்கே குடுத்ததில்லையே, என்னை வெச்சு இப்படி ஒரு பொய்யா?” என்று சிரித்தாராம். முடிதிருத்துபவர் அந்த நரை வாடிக்கையாளர் யாரென்று மட்டும் கேட்டாராம். (நம் அப்பாவின் பழைய ஃபோட்டோவைப் பார்த்து எழுதியது. அப்பாவுக்குத் தெரியாது.) தள்ளுவண்டிக்காரர்தான், “அட, இது நல்லா இருக்கே பாப்பா, இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்டு மனசில் வாங்கிக்கொண்டாராம்.

வெள்ளிக்கிழமை கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். குறுவை வந்தது. காட்ட என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. கத்தரி தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் தள்ளுவண்டியில் ஒரு சிலேட்டைப் பார்த்தாராம், சாக்பீஸில் ‘குறுவைத் தக்காளி வந்தாச்சு’. சிலேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை, அது என் வீட்டு விஷமத்தின் வால் என்று அவருக்குத் தெரியும். பேசாமல் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போய் மனைவியிடம் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாளுக்கு எங்கள் சண்டையும் தெரியாது, சிலேட்டும் தெரியாது. ஒன்றை நறுக்கிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, குறுவையா இருந்தாலும் சதை நல்லா கட்டியிருக்கு, எங்க வாங்குனீங்க?” என்றாராம். கத்தரி அசந்துபோய், அந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று கேட்டிருக்கிறார். “எங்க அம்மா வாய்ல எப்பவும் இருக்கும், நீங்க என்னைக்கு நான் பேசுறதைக் கேட்டீங்க?” என்று வந்ததாம் பதில். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் சீட்டில் ஏறாத சொல்! கூட்டத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவரே கைப்பழக்கத்தில் பட்டியலில் குறுவையை அடித்தார், பிறகு அடித்ததை அடித்தார்.

இவ்வளவு அமர்க்களம் ஒரு சொல்லுக்கா என்று நீ நினைப்பாய். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ எட்டாம் மாதத்தில் பிறந்தாய், எடை ஒரு கிலோ எழுநூறு, கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தொன்பது நாள் இருந்தாய். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “குறைப்பிரசவமாமே, பாவம்” என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தக் குறை என்ற சொல் என் காதில் ஊசி மாதிரி இறங்கும். பிரசவ லீவுக்கு முன் நான் கடைசியாக அடுக்கியது ‘கு’ பெட்டி, அந்தப் பலாப்பழச் சீட்டு ஞாபகம் வந்தது. கண்ணாடியில் வாயை வைத்து, “குறை இல்லடா, நீ குறுவை” என்று உன்னிடம் சொன்னேன். அன்றிலிருந்து அதுதான் உன் பெயர். குள்ளம் என்று கேலி செய்கிறோம் என்று பத்து வயதுவரை சண்டை போட்டாயே, விளக்கினால் அழுதுவிடுவேன் என்றுதான் விட்டுவிட்டேன். (இது எனக்கும் இன்றுதான் தெரியும் அண்ணா. இந்த இடத்தில் மை கலைந்திருந்தால் அது எண்ணெய்க் கறை.)

புதிய பதிப்பில் இப்படி வரப்போகிறது: குறுவை, இரண்டாம் பொருள், காலத்துக்கு முந்தியும் குறையின்றி விளைந்தது. அந்தக் ‘குறையின்றி’ நான் கேட்டு வாங்கியது. வெட்டுவதற்கென்றே உட்கார்ந்திருக்கும் மனிதர், என் கட்டைப் பார்த்துவிட்டு ஒரு சொல் கூட்டிப் போட்டார்.

நடப்பதிலிருந்து வேலைக்குப் போனதுவரை எல்லாவற்றிலும் முந்தினவன் நீ, வீட்டுக்கு வருவதில் மட்டும் மூன்று தடவை தள்ளிப்போட்டுவிட்டாய், இந்த முறையாவது வருஷக் கடைசி என்று இழுக்காதே. பல்லைக் காட்டு, வேளைக்குச் சாப்பிடு, எங்கள் நினைப்பு எப்போதும் உன் பக்கத்தில்தான், கையில் எடுத்த வேலையெல்லாம் நல்லபடியாகக் கூடிவரட்டும்.

இப்படிக்கு உன் அம்மா, எழுத்தாணி உன் தங்கை.

(கீழே உள்ள வரி அம்மா இடது கையால், கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, தானே எழுதியது. கோழிக்கிறுக்கல் பரம்பரைச் சொத்து என்பதற்குச் சாட்சி. சொல்லுக்குக் கீழே கோடு போடச் சிவப்புப் பேனா கேட்டார், கொடுத்தேன்.)

குறுவையா வந்துடுடா.