சீனிக்கு நடந்தது

தச்சநல்லூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முத்துராணிக்கு,

சந்தனமாரி எழுதுகிறேன். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழித்துப் போடாமல் கடைசி வரை படித்துவிடு.

உன் கினிப்பன்றிகளில் சீனி இறந்துவிட்டது. இன்றோடு பதினொரு நாளாகிறது. பரீட்சை முடியும்வரை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார் உன் அப்பா. கருப்பட்டி பிழைத்துவிட்டது.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நீ மதுரைக்குப் படிக்கப் போன அன்று, "ரெண்டும் எங்கம்மா வாங்கித் தந்தது. தீனி மட்டும் போடுங்க, நீங்க தொடாதீங்க" என்று சொன்னாய். உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து மாதந்தானே ஆகிறது, பிள்ளை சொன்னபடி நடப்போம் என்றிருந்தேன். வெள்ளரிக்காயும் கொத்தமல்லியும் கூண்டுக் கதவு வழியாக வைப்பேன். வைக்கோல் மாற்றும்போதுகூட அவை மேல் கை படாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் சீனி ஓயாமல் சொறிந்தது. முதுகில் முடி கொட்டியது. உஷ்ணம் என்று நினைத்தேன். அடுத்த வீட்டு அண்ணாச்சி, நாய்க்கு விடும் சொட்டு மருந்தைத் தந்து, "எல்லாத்துக்கும் ஒரு சொட்டு விடுங்க, பக்கத்துக் கூண்டு முயலுக்கும் விடுங்க" என்றார். தொட்டால்தானே விட முடியும்? அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஒருநாள் காலையில் சீனிக்கு வலிப்பு வந்துவிட்டது. கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. அன்றுதான் முதல்முறையாகக் கையில் எடுத்தேன். எடையே இல்லை, முத்துராணி. தோலெல்லாம் தவிடு மாதிரி உதிர்ந்தது. கட்டைப்பையில் துண்டு விரித்து, இரண்டையும் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

கண்ணுக்குத் தெரியாத உண்ணி தோலுக்குள் இறங்கியிருக்கிறதாம், அரிப்பு தாங்காமல்தான் வலிப்பாம். புது வைக்கோலில் வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. "இத்தன நாளா தூக்கிப் பாக்கவே இல்லியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொட்டு மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு, "நாய்க்கு விடுத மருந்து முயலுக்கு ஆகவே ஆகாது, உசிரே போயிரும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத் தூக்கி எறிந்தேன்.

இரண்டுக்கும் ஊசி போட்டார்கள். முயலை மாடிக்கு மாற்றினேன். நாய் டைகரை வாசலில் கட்டினோம். கூண்டை வெந்நீரில் கழுவி, பழைய வைக்கோலை எரித்தேன். சீனிதான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் என் மடியில் இருக்கும்போதே போய்விட்டது.

உன் அம்மாவின் சேலையில் சுற்றிப் புதைக்கலாமா என்று அப்பா பீரோவைத் திறந்தார். உன்னைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டேன். என் சேலை ஒன்றைக் கிழித்துச் சுற்றினோம். குழி தோண்டி முடித்த பிறகும் அப்பா கொல்லையில் வெகுநேரம் நின்றிருந்தார். எனக்குக் கூப்பிடத் தெரியவில்லை.

நீ சொன்னதைக் குறையாக எழுதவில்லை. தாயை இழந்த பிள்ளை அப்படித்தான் சொல்லும். பெரியவள் நான்தான் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

கருப்பட்டிக்கு இரண்டு ஊசி ஆகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி. முதுகில் பூனைமுடியாக முளைக்கிறது. முயலுக்கும் டைகருக்கும் ஒன்றுமில்லை. என் கையில் சிவப்பாகத் தடித்தது, தானாகவே அமுங்கிவிட்டது. கருப்பட்டி தீனி எடுக்கிறது. ஆனால் துணையில்லாமல் ஒரு மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

பூஜை லீவுக்கு வா, அம்மா. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். புது பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவை மட்டும் அனுப்பட்டுமா, நானும் வரட்டுமா என்று ஒரு வரி எழுது. அது போதும்.

வேளைக்குச் சாப்பிடு. காந்திமதி அம்மை உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சந்தனமாரி