ஏழாவது டின்

11.7.2007, புதன். புழுக்கம். கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி.

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், கும்பிட்டுக் கேட்கிறேன், அப்பாவிடம் மட்டும் காட்டாதீர்கள். பழையபடி சமூக அறிவியல் புத்தக அட்டைக்குள் செருகிவிடுங்கள்.

நேற்று விளையாட்டு விழா ஒத்திகை, மதியமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரவில்லை. முதுநகரில் அம்மாவோடு பிறந்த அந்தோணி மாமா ஆபரேட்டராக இருக்கும் தியேட்டருக்குப் போனேன். பின்படி வழியாக நேரே படம் ஓட்டும் மெஷின் ரூம். அப்பா போன வருஷமே சொல்லியாயிற்று: "தியேட்டர் வாசல மிதிச்ச, பத்தாவதோட படிப்பு கட்."

பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒன்பது ரீல், பாட்டே கிடையாது. மழை, தொப்பி, சுவரெல்லாம் நிழல். செய்யாத கொலைக்கு ஒருவனைப் பிடிக்கிறார்கள். கீழே ஏழெட்டுப் பேர்தான். மாமாவுக்கு நிற்க நேரமில்லை. கார்பன் குச்சி எரிந்துதான் வெளிச்சம்; அடிக்கடி திருகித் தள்ளாவிட்டால் திரை இருட்டிவிடும். ரீல் இருக்கும் டின்னை வரிசையாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஏழாவது டின்னைக் கொடுக்க வேண்டிய இடத்தில் எட்டாவதைக் கொடுத்தேன். கோர்ட்டில் விடுதலையாகி வந்தவனை அடுத்த ரீலில் கைது செய்தார்கள். கீழே ஒரே விசில். "யோவ், விட்டவன ஏன்யா திரும்பப் புடிக்கிறீங்க!" மாமா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மணி மூன்றரை.

அதே மூன்றரைக்குப் பாலத்தில் தியேட்டர் முதலாளியின் பைக் ஒரு கருவாட்டு வியாபாரியை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. மாமாதான் எடுத்துப் போனார் என்கிறார் முதலாளி. இன்று மாலை போலீஸ் வந்து மாமாவைக் கூட்டிப் போனது. செருப்பு போடக்கூட விடவில்லை.

12.7.2007, வியாழன். மேகம், மழை இல்லை.

கணக்கு டெஸ்ட். தெரிந்ததையும் தப்பாகப் போட்டேன்.

வியாபாரியை சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்னும் கண் விழிக்கவில்லை. அம்மா ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டு போனாள். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது.

"ரூம்ல கூட யாரு இருந்தாங்கன்னு கேக்குறாங்க. யாருமில்ல, நான் மட்டுந்தான்னு சாதிக்கிறான்," என்றாள் அம்மா.

"ஒரு ரீலு பத்து நிமிஷம் ஓடும், அதுக்குள்ள போயிட்டு வந்துட்டான்னு மொதலாளி சொல்றாரே. மச்சான் எதையோ மறைக்கிறான் பிலோமி. தப்பு பண்ணாதவன் எதுக்கு முழிக்கணும்?" என்றார் அப்பா.

மறைப்பது என்னைத்தான். படி இறங்கும்போது மாமா சொன்னது: "நீ வந்தது எனக்கும் மாதாவுக்கும் மட்டுந்தான் தெரியும். ஓடு."

மீன் குழம்பு. பாதியில் கை கழுவினேன்.

அதே நாள், இரவு 11.20.

நாளைக் காலை மாமாவைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி அழுகிறாள்.

படத்தில் கொலையை ஜன்னல் வழியே பார்த்த ஒருத்தி உண்டு. ஏழாவது ரீல் முழுக்க வாயே திறக்க மாட்டாள். எட்டில்தான் சாட்சிக் கூண்டு ஏறுவாள். டின் மாறியதால் அவள் பேசிவிட்டு அப்புறம் பயந்தாள். அவளைக் கோழை என்று திட்டினேன். இப்போது யார் கோழை?

சொல்ல வேண்டியவை:
மூன்றரைக்கு மாமா என் பக்கத்தில்.
கார்பன். பத்து நிமிடம் விட்டுப் போயிருந்தால் படமே தெரிந்திருக்காது.
டின் மாற்றியது நான். விடுதலைக்குப் பிறகு கைது, அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும். விசில் அடித்தவர்களைக் கேட்கட்டும். அங்கே இல்லாதவளுக்கு இது எப்படித் தெரியும்?

படிப்பு போனால்? போகட்டும். இல்லை, போகக் கூடாது. அதற்கும் சண்டை போடுவேன். முதலில் மாமா.

போலீஸுக்கு முன்னால் அப்பா. விடிந்ததும். அவர் சட்டை போடுவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிளை எடுத்து

கதவு. மூன்று தட்டு.

"பாப்பா? வெளிச்சம் தெரியுது. இன்னும் தூங்கல?"

அப்பா. மெழுகுவர்த்தியை ஊதவில்லை. நோட்டை ஒளிக்கவும் இல்லை. முதல் பக்கத்தில் கும்பிட்டுக் கேட்டதை அடித்துவிட்டேன். நானே காட்டப் போ