மூழ்கிய பூச்சி

மார்ச் 9, ஞாயிறு இரவு.

தூண்டில் முள்ளில் இறகைச் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவது எப்படி என்று ரவூப் நானாவுக்குப் போன வாரம்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் அக்குறணையில் கோழிக்கடை வைத்திருப்பவர். சேவல் இறகு வேண்டும் என்றேன். கழுத்து இறகுதான் தண்ணீரில் மிதக்கும் என்பதைச் சொல்லவில்லை. மறதியால் அல்ல. தூண்டில் போடும் எங்கள் கூட்டத்தில் யாரும் யாருக்கும் முழுவதையும் சொல்வதில்லை.

இன்று காலை மகாவலியில் என் பூச்சி அழகாக மிதந்தது. ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்ற நானாவின் பூச்சி விழுந்த கையோடு மூழ்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அவருடைய தூண்டில் தடி வளைந்துவிட்டது. லெஹெல்லா மீன், என் கை நீளம் இருக்கும். பார்த்துவிட்டு ஆற்றிலேயே விட்டார்.

பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் கட்டினேன் தம்பி. அல்ஹம்துலில்லாஹ்!"

"எல்லாம் உங்க கைராசி நானா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்பு. எந்த இறகைப் பிடுங்கினார்? வாலிலா, செட்டையிலா? கேட்டால், "நீங்கதானே சொல்லித் தந்தீங்க" என்பார்.

நாளைக்கு ஒரு சேவலை இறகோடு வாங்க வேண்டும். அக்குறணையில் வேண்டாம். வத்தேகம சந்தைக்குப் போகலாம்.