பன்னிரண்டு தடவை

தம்பிக்கு,

நான் நன்றாகத் தூங்குகிறேன். கை நடுக்கம் குறைந்திருப்பதை எழுத்திலேயே பார்ப்பாய்.

எங்கள் மனநல மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. பார்க்க ஆள் வரும் நோயாளிகள் சீக்கிரம் குணமாகிறார்களா என்று கணக்கெடுக்கிறார்கள். விருப்பப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்தோறும் ஒரு பெண் படிவத்தோடு வந்து அரைமணி நேரம் என் எதிரில் உட்காருகிறாள். மாத்திரையை நீட்டாமல் என்னிடம் பேசுவது அவள் ஒருத்திதான்.

"மூணு மாசத்துல உங்களைப் பார்க்க யாராவது வந்தாங்களாம்மா?"

"தம்பி வாராவாரம் வருவான்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிய டீச்சர் நான்! யாரும் வருவதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு தடவை என்று எழுதிக்கொண்டாள்.

நேற்று அவள் முகமெல்லாம் சிரிப்பு. "இந்த வார்டுலயே உங்களுக்குத்தாம்மா நல்ல முன்னேற்றம். தம்பி வர்றது வீண்போகல."

தப்பான விடையை வைத்து அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். அடுத்த செவ்வாய் உண்மையைச் சொல்லி, அந்தப் பன்னிரண்டை அடிக்கச் சொல்லப்போகிறேன்.

திங்கட்கிழமை பார்வை நேரம் நாலு முதல் ஐந்து வரை. அடித்த இடத்தில் அவள் ஒன்று என்று எழுதலாமா?

அக்கா