கற்பூரம் ஏற்றி வாங்கிய ஷேர்

அன்பு மகள் தங்கமயிலுக்கு, தாராவியிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து ரூம் பானுமதி எழுதுவது. அம்மா முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டு நடமாடுகிறாள், எனக்கு ஒரு குறையுமில்லை, ஒசாகாக் குளிரில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை.

மசூதி இடித்து பம்பாய் எரிந்ததே, அந்த வருஷம் நீ தவழும் பிள்ளை. அதைச் சொல்லக் காரணம், ஷேர் வாங்க நம்ம ரூமை அடகு வைக்க நீ அனுப்பிய காகிதம் கைநாட்டு வைக்காமல் பீரோ மேலேயே கிடக்கிறது. அந்த வருஷம் மாசியில் தோல் ஷெட்டில் நாங்கள் ஐந்து பேர், எங்களில் ஒருவனான திருவேங்கடம் சொன்னான் என்று ஒரே கம்பெனி ஷேரை வாங்கினோம். கம்பெனி என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, சொன்னவன் நம்ம ஊர்க்காரன், அது போதும். பிள்ளையார் கோயிலில் கற்பூரம் ஏற்றி, யாரும் தனியாக விற்கக்கூடாது என்று சத்தியமும் வாங்கினான். சித்திரையில் விலை சரிந்தபோது எதிர்க்கடை குஜராத்தி சேட்டு, "அண்ணா, பேச் டாலோ, வித்துத் தள்ளு, ஷேருக்கு உன் சாமியைத் தெரியுமா" என்று சிரித்தார். அவர் லாபத்திலும் விற்பார், நஷ்டத்திலும் விற்பார், ராத்திரி நன்றாகத் தூங்குவார். நமக்கு விற்பது துரோகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வெறும் காகிதமாகும்வரை வைத்திருந்தோம். திருவேங்கடம் மட்டும் பங்குனியிலேயே விற்றுவிட்டான் என்று சேட்டு சொல்லித்தான் பிறகு தெரிந்தது.

ஜப்பான்காரன் ஷேரில் ஒருதரம் சூடுபட்டு முப்பது வருஷம் பணத்தை பாங்கிலேயே வைத்தான், அதனால் அங்கே நல்ல கம்பெனியும் மலிவு, நம்ம ஜனம் நாளைக்கு விடியும் என்று நம்புகிறது, அதனால் இங்கே அதே லாபத்துக்கு இரட்டை விலை என்று போனில் சொன்னாய். இருக்கலாம். அப்படியானால் அங்கே மலிவை விட்டுவிட்டு இங்கே இரட்டை விலைக்கு ஏன் வாங்கச் சொல்கிறான் உங்கள் மாரீஸ்வரன்? அங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் குழு சேர்த்து, யாரும் தனியாக விற்கக்கூடாது என்கிறானாமே. நல்ல சரக்குக்குக் கட்டுக்காவல் எதற்கு? கற்பூரம்தான் இல்லை, மற்றதெல்லாம் அதே மாதிரி இருக்கிறது. அவன் இங்கே பம்பாய் காட்கோபர் பையன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவன் தகப்பன் பேரைக் கேட்டுச் சொல், கைநாட்டைப் பிறகு பார்க்கலாம்.

காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே. நீ நீடூழி வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு அப்பா வெயிலுமுத்து, இடது கைப் பெருவிரல்.

ஒன்று விட்டுப்போயிற்று. அன்று சத்தியம் செய்தவர்களில் தங்கசாமி போனான், ராஜகுமார் போனான், சுடலைமுத்து போன ஆடியில் போனான். என்னை விட்டால் உயிரோடு இருப்பது ஒரே ஆள், காட்கோபரில் மூன்று மாடி கட்டியிருக்கும் திருவேங்கடம்.