ஒப்பரேஷனுக்கு முன் பதிந்த மெட்டு

மச்சான்,

பழைய கணினி சாகக் கிடக்கிறது. இன்று காலை அதில் இருப்பதையெல்லாம் மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது, கிட்டாரின் சத்தத்தைப் பலப்படுத்திக் கணினிக்குக் கொடுக்க நாம் வாங்கிய பிரிஅம்ப் பெட்டி. அதைத் துடைத்தபோது உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

உன் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிப்பதற்காக இடக்கையில் ஒப்பரேஷன் என்று டாக்டர் சொன்ன கிழமை அது. "விரல் பிறகு சொல் கேக்குமோ தெரியாது. என்ட மெட்டை இப்பவே பதிஞ்சிடுவம்" என்றாய். முந்தல் ஊரில் என் வீட்டறையில் கிட்டாரை நேரே கணினியில் செருகினோம். தகரப் பேணியைத் தட்டினதுபோல் வந்தது. அதற்கு மேலே ஒரே இரைச்சல்.

அதனால் பிரிஅம்ப் வாங்கப் போன புத்தளத்துக் கடையில் நான் விலைகூடிய பெட்டியொன்றின் முன்னால் நின்றுவிட்டேன். மலிவானதை வாங்கி உன் வாசிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்று பயம். நீ அதைத் திருப்பிப் பார்த்தாய்.

"இது மைக்குக்கு மட்டும்தான். கிட்டாருக்கெண்டு தனி ஓட்டை வேணும், இல்லாட்டி சத்தம் மங்கிடும்."

கொண்டுபோன கிட்டாரைச் சின்னப் பெட்டியொன்றில் செருகினாய். கம்பியைத் தொடாமல், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகியை மட்டும் கூட்டி, ஹெட்போனில் இரைச்சல் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தாய். பிறகு கம்பியில் ஓங்கி ஓர் அடி.

"ஓம் மச்சான், இது காணும், விலைகூடினது தேவையில்ல."

அன்று பின்னேரமே வாசித்தாய். நான் கெயினைக் கூட்டப் போக, "கூட்டாத, நான் பலமா அடிக்கிற இடத்தில சத்தம் வெடிச்சிடும்" என்று தடுத்தாய்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு நீ கிட்டாரைத் தொடவில்லை. நீ எங்களை விட்டுப் போனபின் அந்தப் பதிவைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவசரத்தில் செய்த வேலை, கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது?

இன்று திறக்க வேண்டியதாயிற்று. இரைச்சல் இல்லை. எங்கும் சத்தம் வெடிக்கவில்லை. கம்பியில் உன் விரல் வழுக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. உடனே உன் மனைவியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் போடுங்க" என்றார். போட்டேன். என் போனில் ஏற்றிக்கொண்டு, அவருடைய போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

இத்தனை நாளும் உன் மெட்டு மறந்துவிடுமோ என்று வேலைக்குப் போகும்போதெல்லாம் அதையே முணுமுணுப்பேன். இன்று வேலைக்குப் போன பாலாவி பஸ்ஸில் அது என் சட்டைப் பையில், போனுக்குள் இருந்தது. நான் வேறேதோ பாட்டை முணுமுணுத்தபடி போனேன்.