கெட்டுப்போகாத டிஸ்க்

அக்கா,

இன்று காலை ஆபீசில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டினோம். ஒரு டப்பாவைக் கவிழ்த்தபோது, உள்ளங்கையில் அடங்கும் சின்ன டிஸ்க் ஒன்று கீழே விழுந்தது. "இவ்வளவு சின்னதாகூட வந்துச்சா சார்?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். "வந்துச்சு" என்றேன். மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அமெரிக்காவிலிருந்து உனக்கு வந்ததும் இதே அளவுதான். உனக்குக் கல்யாணமாகி நாலே மாதத்தில் உன் வீட்டுக்காரர் கிளம்பி அங்கே போனார். விசா வந்ததும் உன்னை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. பிறகு போன் குறைந்தது, ஒருநாள் நின்றேபோனது. மூன்று மாதம் கழித்து அந்தக் கவர் வந்தது. உள்ளே கடிதம் இல்லை. புதிதாக வாங்கிய வீடியோ கேமராவில் அவர் தானே பேசிப் பதிவுசெய்த டிஸ்க் மட்டும்தான். அதன்மேல் உன் பெயர்.

சாயங்காலம் நான் வீடு திரும்பும்வரை உன்னால் பொறுக்க முடியவில்லை. நம் வீடு இருந்த கிட்வாய் நகரில் பஸ் ஏறி என் டிசைன் ஆபீசுக்கே வந்துவிட்டாய். நான் டீ குடிக்கப் போயிருந்தேன். என் மேஜையில் இருந்தது, டிஸ்க் வைக்கும் தட்டு வெளியே வராத கம்ப்யூட்டர். முன்பக்கம் ஒரு பிளவு மட்டும் இருக்கும், அதில் டிஸ்க்கைத் தள்ள வேண்டும். பெரிய டிஸ்க்கை இழுத்து உட்காரவைத்துக்கொள்ளும். சின்னதைப் போட்டால் விழுங்கிவிட்டுத் திருப்பித் தராது. உனக்கு அது எப்படித் தெரியும்?

நான் திரும்பி வந்தபோது, நீ உள்ளே தள்ளிவிட்ட டிஸ்க்கை மெஷின் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. முதலாளி "க்யா கர் தியா!", என்ன பண்ணி வச்சிருக்கே என்று ஹிந்தியில் கத்திக்கொண்டிருந்தார். என் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் அவரைவிட உரக்கக் கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? எதைப் பார்த்தாலும் கையை வைக்கணுமா?" ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ, "டிஸ்க் வந்துருமாடா?" என்று மட்டும் கேட்டாய்.

வந்தது. மூன்றாம் நாள் மெக்கானிக் டிரைவைக் கழற்றி எடுத்துக் கொடுத்தான். ஒரு கீறல்கூட இல்லை. தட்டு வெளியே வரும் இன்னொரு கம்ப்யூட்டரில், சின்ன டிஸ்க்குக்கென்றே நடுவில் இருக்கும் பள்ளத்தில் வைத்தேன். ஓடுகிறதா என்று பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவர் சோபாவில் சாய்ந்தபடி பேசினார். இங்கே ஒருத்தியோடு இருக்கிறேன், நம் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. அப்பா அம்மா தொல்லை தாங்காமல்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன். காத்திருக்காதே, வக்கீல் நோட்டீஸ் வரும். நடுவில் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, சிரித்துக்கொண்டே "ஒரு நிமிஷம்" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அதற்கு அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். மயூர் விஹாரில் இருந்த பெண் வீட்டார் காதுக்கு இது போனால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். உன்னை அதற்குப் பிறகுதான் நினைத்தேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. உன்னிடம், "உடைஞ்சிடுச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டாங்க" என்றேன். அப்போது டிஸ்க் என் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தது.

என் கல்யாணத்தில் நீதான் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தாய். "உன் வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "பேசி அனுப்பியிருந்தாரு. நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்" என்றாய். மாலையோடு நின்ற என் காதில் அது விழுந்தது. சிரித்தபடி போட்டோவுக்கு நின்றேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டு நீ எழுதிய கடிதங்களையெல்லாம் நான்தான் தபாலில் சேர்த்தேன். "இன்னொரு தடவை அனுப்புங்க, இந்தத் தடவை பத்திரமா பாத்துக்கறேன்னு எழுதியிருக்கேன்டா" என்று ஒருமுறை நீயே சொன்னாய்.

பதினாலு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. எல்லாவற்றையும் டிஸ்க்கில் முன்பே தெரிவித்தாயிற்று என்று அதில் ஒரு வரி. படித்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"அது உடையலைல்ல?"

அலமாரியிலிருந்து எடுத்து வந்து உன் கையில் கொடுத்தேன். "உன் நல்லதுக்குத்தான்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

"அவரு கேவலமானவருதான். ஆனா என்கிட்ட நிஜத்தைச் சொல்லி அனுப்பினாரு. அதை எடுத்து ஒளிச்சு வச்சவன் நீ."

அதற்குப் பிறகு நீ என்னைத் திட்டவே இல்லை. வேலை தேடிக்கொண்டாய், தனி அறை எடுத்துக்கொண்டாய். பண்டிகைக்கு வந்தால் என் மனைவியிடம் கலகலவென்று பேசுவாய். என்னிடம் எதையும் கேட்கமாட்டாய்.

பல வருஷம் கழித்து நீ நோயில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உன் ரிப்போர்ட் வந்த அன்று, கவரைப் பிரிக்கப் போனேன்.

"நீ படிக்காதே. டாக்டர் படிக்கட்டும்."

டாக்டர் வாசித்துவிட்டு, சொல்லலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். "அவனைப் பார்க்காதீங்க. என்னோட ரிப்போர்ட், என்கிட்ட சொல்லுங்க" என்று ஹிந்தியில் சொன்னாய். அவர் சொன்னார். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய்.

அதன்பின் பதினேழு நாள்தான் உயிரோடு இருந்தாய். தினமும் வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்க எத்தனையோ தடவை வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ நிஜத்தைத்தான் சொல்லியிருப்பாய். அந்தப் பயம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, அக்கா.